ஆறு சேகண்டி

ஓயாமி, தூங்கிட்டியா? ஒண்ணு சொல்றேன், சிரிக்காத.

சுரங்க லாரி வர்ற பாதைய ஆறு வீட்டு ஆளுங்க மறிச்சு நின்னோம்ல, ஆளுக்கொரு சேகண்டியோட. லாரிய விட்டா, மேல பாறையில நம்ம முன்னோருங்க சவப்பெட்டி இருக்கற இடம் போயிடும். அஞ்சு வீட்டுக்காரங்க சலிச்சுப்போய், சேகண்டிய எங்க வீட்டு ஆணியில மாட்டிட்டு பாகியோ டவுனுக்குப் பொழைக்கப் போயிட்டாங்க. அப்பா படுத்த படுக்கை. பத்து நாளா நான் மட்டும்தான் போய் நிக்கறேன்.

சேகண்டிய ஒத்தையா அடிக்கக் கூடாதும்பாங்க. இன்னிக்குக் காலையில லாரி நிக்காம வந்துச்சு. பயத்துல அடிச்சிட்டேன்.

டிரைவர் பிரேக் போட்டாரு. "ஏம்மா, நேத்து ஒத்தப் புள்ளயா நின்ன. இந்தக் கெழவனுங்கள எங்கேர்ந்து புடிச்சாந்த? காது கிழியுது, நிறுத்தச் சொல்லு"ன்னாரு. அப்புறம் என் பின்னாடியே பாத்தாரு. சட்டுன்னு ரிவர்ஸ் எடுத்துட்டாரு.

எனக்கு என் சேகண்டி மட்டும்தான் கேட்டுச்சு. நான் திரும்பிப் பாக்கல.

வீட்டுக்கு வந்தா அஞ்சும் ஆணியிலதான் தொங்குது. தொட்டுப் பாத்தேன். இன்னும் அதிர்ந்துக்கிட்டே இருந்துச்சு.

நாளைக்கும் போகணும். அவங்க வந்தா பயமா இருக்கு. வராட்டி, அங்க நான் மட்டும்தான்டீ.