பித்தளைத் திருடன்

காபி டப்பாவைத் தலைகீழாகக் கவிழ்த்தான் வெண்டல். தோட்டாக் கூடுகள் மேஜை முழுக்க உருண்டன.

"பாத்துக்கோங்க. அடியில சிவப்பு மை இருக்கா? சிவப்பு யாரோடது? என்னோடது. எங்க இருந்துச்சு? என் மச்சான் வண்டி சீட்டுக்கு அடியில."

துப்பாக்கிக் கிளப்பின் அறையில் எல்லோரும் ஆர்வில் பக்கம் திரும்பினோம். அவன் தொப்பியை முழங்காலில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

மொன்டானாவில் லாரியைப் பூட்டாமல் போகலாம், ஒன்றும் ஆகாது. ஆனால் சுட்டுத் தீர்ந்த கூடு அப்படியில்லை. பொறுக்கி, சுத்தம் பண்ணி, வெடிமருந்து நிரப்பித் திரும்பச் சுடுகிற பித்தளை அது. அதில் அண்ணன் தம்பி கிடையாது. அதனால்தான் ஆளுக்கொரு மை. அடுத்தவன் கூட்டில் கைவைத்தவனுக்கு கிளப்பில் இடமில்லை என்பது சட்டம்.

தலைவி ராண்டா கேட்டாள். "ஆர்வில், நீங்கதான் எடுத்தீங்களா?"

"நான்தான்."

"எப்போ?"

"வியாழக்கிழமைல. அவர் கராஜ்ல கூடுங்களை உமியில போட்டு உருட்டிச் சுத்தம் பண்ற மெஷின் ஓடி முடிஞ்சதும், உமியெல்லாம் சலிச்சுக் குடுக்கறது நான்தானே. அப்போ."

"பாத்தீங்களா," என்றான் வெண்டல். "ஒத்தாசைக்கு வர்றான்னு நினைச்சேன். என் வீட்டு மான்கறியைத் தின்னுட்டு, என் பித்தளையையே அள்ளியிருக்கான். அதோட விட்டானா? ஒண்ணு விடாம வாயைக் குறடால நசுக்கி வெச்சிருக்கான். திருடன்கூட வித்துத் தின்பான். இது வயித்தெரிச்சல்."

"வயித்தெரிச்சலா? எதுக்கு?"

"எதுக்கா? நீங்கள்லாம் நாலஞ்சு தடவை சுட்டுட்டுக் கூட்டைத் தூக்கிப் போடறீங்க, ஊதாரிங்க. நான் பன்னெண்டு தடவை சுடறேன். இன்னிவரைக்கும் ஒண்ணுகூட விரிசல் விட்டதில்ல. அது கைராசி. இவனுக்கு அது பொறுக்கல."

பின்பெஞ்சில் யாரோ சிரித்தார்கள். இந்தக் கைராசிக் கதையை நாங்கள் கேட்காத சனிக்கிழமை கிடையாது.

"ஏன் எடுத்தீங்க ஆர்வில்?" என்றாள் ராண்டா.

அவன் பார்வை கதவோரம் நின்றிருந்த ஐரீன் மேல் போனது. வெண்டலின் மனைவி, ஆர்வில்லின் அக்கா. அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அவன் வேண்டாம் என்று தலையசைத்தான்.

வெண்டல் அதைப் பார்த்துவிட்டான். "அவளை என்னடா பாக்கறே? இன்னியோட சரி. இனிமே என் வாசல்ல கால் வைக்கக் கூடாது. உன் அக்காவும் உன்கூடப் பேசக் கூடாது. செத்தா சொல்லி அனுப்பறோம்."

ஐரீனுக்குப் பிறந்த வீடு என்று இருப்பது அந்தத் தம்பி ஒருத்தன்தான்.

ஆர்வில் எழுந்து, சட்டைப்பையிலிருந்து கிளப் அட்டையை எடுத்து மேஜையில் வைத்தான்.

"இதை எடுத்துக்கோங்க. வீட்டுக்கும் வரல. ஆனா மச்சான், அடுத்த வாரம் வேட்டைக்குக் கிளம்பறதுக்கு முன்னாடி, ஒரே ஒரு தடவை நான் சலிச்சுக் குடுத்துட்டுப் போறேன்."

"எவ்வளவு தைரியம் பாரு இவனுக்கு." வெண்டல் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு பாய்ந்தான். "கையும் களவுமா மாட்டினவன் கராஜ் சாவி கேக்கறான்."

இரண்டு பேர் குறுக்கே விழுந்து அவனைப் பிடித்தார்கள்.

ராண்டா மட்டும் நிமிரவில்லை. நசுங்கிய கூடு ஒன்றின் வாயை மூக்குக்குறடால் பிளந்து, நுனி வளைத்த கம்பியை உள்ளே விட்டு, சுவரோரமாக மெதுவாக மேலே இழுத்தாள். அடிப்பக்கத்தில் கம்பி தட்டி நின்றது. இன்னொன்றை எடுத்தாள். அங்கேயும் நின்றது. அதற்கடுத்ததிலும் அதே இடம்.

"வெண்டல், நீங்க கம்பி விட்டுப் பாக்கறதுண்டா?"

"அதெல்லாம் பயந்தாங்கொள்ளிங்க வேலை."

"இது எல்லாத்துலயும் உள்ளுக்குள்ள பள்ளம் விழுந்திருக்கு. இன்னொரு தடவை சுட்டா அடி தனியாப் பிஞ்சுக்கும். அப்போ நெருப்பு முன்னால மட்டும் போகாது. கண்ணுக்கும் வரும்."

வெண்டலைப் பிடித்திருந்தவர்கள் கையை விட்டார்கள்.

"சரி, இத்தனை எடுத்திருக்காரே, உங்க பெட்டில எவ்வளவு குறைஞ்சுது?"

"ஒண்ணும் குறையல. எப்பவும் எண்ணி வெப்பேன். நானா ஏமாறுவேன்?"

"குறையாம எப்படிங்க திருடுவாங்க?"

கதவோரம் நின்ற ஐரீன் ஓரடி முன்னால் வந்தாள்.

"அக்கா, வேண்டாம்," என்றான் ஆர்வில்.

"சும்மா இருடா." ஐரீன் நேராக மேஜைக்கு வந்தாள். "ஒரு தடவை அவன் வாயைத் திறந்து சொன்னான், இந்தக் கூடெல்லாம் ஆபத்து, எறிஞ்சிடுங்கன்னு. அதுக்காக மூணு வருஷம் எங்க ரெண்டு பேரையும் பேச விடல நீங்க. அதுக்கப்புறம் அவன் சொல்றதை விட்டுட்டான். கெட்டதை எடுத்து, வேற யார் கைக்கும் போயிடக் கூடாதுன்னு நசுக்குவான். அந்த இடத்துல தன்னோட நல்ல கூட்டுக்குச் சிவப்பு மை பூசிப் போட்டுடுவான்."

அவள் புருஷன் முகத்தைப் பார்த்தாள்.

"பன்னெண்டு தடவை, பன்னெண்டு தடவைன்னு ஊரெல்லாம் சொல்றீங்களே, அதுல பாதிக் கூட்டை நீங்க சுட்டதே அப்போதாங்க முதல் தடவை."