கூடுதல் சான்று

"அது வேண்டாம்க்கா. தெரியாம உள்ள வந்துட்டு."

ஜெசிந்தா கையை நீட்டினாள். சுகிர்தா காகிதத்தைத் தரவில்லை.

விசா விண்ணப்பம் நிரப்பித் தரும் அலுவலகம். சுகிர்தா அங்கே வேலை பார்ப்பவள். மேசைமேல் ஜெசிந்தாவின் கோப்பு பிரிந்து கிடந்தது. காசநோய்ப் பரிசோதனைச் சான்றிதழின் முதுகில் ஒட்டிக்கொண்டு வந்திருந்த காகிதத்தைத்தான் சுகிர்தா உருவியிருந்தாள்.

ஆஸ்பத்திரிச் சீட்டு.

பன்னிரண்டு வாரம். தானாகக் கலைந்தது.

கணவன் அமல்ராஜ் பர்மிங்காமில் இருக்கிறான். அவனிடம் போக அவள் விண்ணப்பிப்பது இது இரண்டாவது தடவை. முதல் தடவை மறுத்துவிட்டார்கள். இந்தத் திருமணம் உண்மையானது என்று நம்பப் போதிய சான்று இல்லையாம்.

சேர்ந்து இருந்ததே பத்தொன்பது நாள்தான்.

அதனால் இந்தத் தடவை கல்யாணப் படங்கள் நாற்பது. வாட்ஸப்பில் பேசிக்கொண்டது எண்பது பக்கம். எல்லாம் அச்செடுத்து, தேதி வாரியாக அடுக்கி.

சுகிர்தா விரல் மடக்கினாள். ஆகஸ்ட் கடைசியில் கல்யாணம். செப்டம்பர் பதினாறு அவன் விமானம் ஏறியது. நவம்பர் கடைசியில் இந்தச் சீட்டு.

"தேதி கச்சிதமா இருக்கு."

ஜெசிந்தாவுக்கு முகம் சுட்டது.

"இத ஏன் மொதல்லயே வைக்கல ஜெசிந்தா? இதவிட என்ன சாட்சி வேணும் அவங்களுக்கு? இந்தத் தடவ கெடைச்சிரும், பாரேன்."

சுகிர்தாவின் சந்தோஷத்தில் பொய் இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

கலைந்த அன்று ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் அவளும் அம்மாவும் மட்டும் போனார்கள். இரண்டு நாள் கழித்து அமல்ராஜ் கூப்பிட்டான். உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டான். பிறகு அறையில் ஹீட்டர் வேலை செய்யாததைப் பற்றி நெடுநேரம் பேசினான்.

அதற்கப்புறம் இருவரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. எண்பது பக்கத்தில் ஒரு வரி கிடையாது.

"அவங்கள்ட்ட ஒரு வார்த்த கேட்டுக்கிடுதேன்."

சீட்டைப் படமெடுத்து அமல்ராஜுக்கு அனுப்பினாள். வைக்கச் சொல்கிறார்கள், வைக்கவா என்று எழுதினாள்.

வேண்டாம் என்று சொல்வான் என்று நினைத்தாள். அதைப் போய் யாரிடமும் காட்டாதே என்பான். அப்படி ஒரு வார்த்தை வந்தால் போதும், இந்த விசாகூட வேண்டாம் என்று தோன்றியது.

உடனே பதில் வந்தது.

"நல்லதாப் போச்சு. வை."

சீட்டு இருந்ததைத்தான் சொல்கிறான். அவளுக்குத் தெரியும்.

தெரிந்தும் இன்னொரு முறை படித்தாள்.

சுகிர்தா நகல் எடுத்து நீட்டினாள். உண்மை நகல் என்று எழுதி அடியில் ஜெசிந்தா கையெழுத்துப் போட வேண்டும். போட்டாள். பெயரின் கடைசி எழுத்து காகிதத்தைக் கிழித்தது. இன்னொரு நகல் எடுத்து வந்தாள் சுகிர்தா. அதிலும் போட்டாள்.

கல்யாணப் படங்களுக்கு மேலே, முதல் பக்கமாக அதை வைத்தார்கள்.

ஆறுமுகநேரி பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைத்தது. பக்கத்தில் உட்கார்ந்த அம்மாள் வெற்றிலையை மென்றபடி எந்த ஊர், என்ன விஷயமாக வந்தாய் என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டு வந்தாள்.

"பிள்ளைய எத்தன?"

யார் கேட்டாலும், இன்னும் இல்லை என்றுதான் சொல்வாள்.

"ஒண்ணு."

"தனியால்லா வார. பிள்ளைய எங்க?"

"ஆபீஸ்ல குடுத்துட்டு வாரேன்."

அந்த அம்மாள் தலையாட்டினாள். இந்தக் காலத்தில் அதற்கும் ஒரு ஆபீஸ் வந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டாள் போல.

"நல்லாப் பாத்துக்கிடுவாவளா?"

"பாக்கணும்" என்றாள் அவள்.