தண்டில் ஒரு கீறல்கூட இல்லை

நடுவானில் ஒரு குட்டி விமானத்தின் இன்ஜினில் எண்ணெய் அழுத்தம் போய்விட்டது. தட்டுத்தடுமாறித் தரையிறங்கியதும் மெக்கானிக் அந்த ரோட்டரி இன்ஜினைப் பிரித்தார். சுழலும் தண்டில் கீறல் விழுந்திருந்தால் இன்ஜினே காயலான் கடைக்குத்தான். தண்டைத் தாங்கிய பேரிங்குக்கும் அதே கவலைதான். எண்ணெய் நின்ற நேரமெல்லாம் உராய்வைத் தன் மென்மையான உலோகத்தில் வாங்கி, அது உரிந்து கறுத்திருந்தது.

“என்னண்ணே கோலம் இது? நானும்தான் எண்ணெயில்லாம சுத்தினேன்!” என்று தண்டு கேலி பேசியது.

“சும்மா இருடா, நகம் வச்சுப் பார்க்கிறாரு.”

மெக்கானிக் தண்டின்மேல் நகத்தை ஓட்டினார். எங்கேயும் கீறல் தட்டவில்லை. “தண்டு தப்பிச்சுது! பேரிங்கை மாத்தினா மறுபடியும் பறக்கும்.”

“பார்த்தியாண்ணே என் உடம்பை!”

குப்பைத் தட்டில் கிடந்த பேரிங்குக்குப் பெருமை தாங்கவில்லை. “பார்த்துக்கிட்டேதான் இருக்கேன் ராசா. கண்ணாடி மாதிரில்ல மின்னுறே!”