ஒரு சாண் மணலுக்குக் கீழே

இடுப்பளவுக் குழிக்குள் நிற்கிறாள் மண் ஆய்வாளரான தங்கை. மேலே ஒரு சாண் மணல் வெயிலில் சர்க்கரைபோல மின்னுகிறது. மனையை விற்க அண்ணன் லாரியில் கொண்டுவந்து பரப்பியது. அதற்குக் கீழே கன்னங்கரேலென்று களிமண். ஓர் உருண்டையைத் தண்ணீர் விட்டுப் பிசைந்து, கட்டைவிரலால் ஆள்காட்டி விரலின் மேல் தள்ளுகிறாள். நாடாபோல நீண்டு, அறாமல் தொங்குகிறது. அசல் களி. அவளுக்கு உச்சந்தலை வரை சுர்ரென்று ஏறுகிறது. “மணல்பாங்கான மண்ணுன்னு சொல்லிடு. படிச்சவ நீ சொன்னா நம்புவாங்க,” என்று குழியோரம் குந்தியிருக்கும் அண்ணன் குசுகுசுக்கிறான். “மழை பேஞ்சா உப்பும், காஞ்சா வெடிக்கும். மேல கட்டுன சுவரு என்னாகும்? என் படிப்ப விக்கத்தான் கூப்பிட்டியா?” “கத்தாத. நீயெல்லாம் கூடப்பொறந்தவளா?” சற்றுத் தள்ளி, மனை பார்க்க வந்த பெண் தன் செருப்புகளைக் கழற்றி மணலில் மூலைக்கொன்றாக வைத்துவிட்டுக் கணவனிடம் சிரிக்கிறாள். “இது சமையலறை. ஜன்னல் இந்தப் பக்கம் வரட்டும்.” அண்ணனின் கால் மெல்ல மணலைக் குழிக்குள் தள்ளுகிறது. கறுப்பை மூடிக்கொண்டு, அவள் முழங்கையில் பட்டுச் சரசரவென்று கொட்டுகிறது. களி நாடாவை வெயிலில் உயர்த்திப் பிடித்து, தொண்டை கிழியக் கத்துகிறாள். “அக்கா! அந்தச் செருப்ப எடுத்து மாட்டிக்கிட்டு இங்க வாங்க!”