புல்வெளிக்கு ஹீட்டர்

மூன்றாவது நாளாக, மதியம் மூன்று மணிக்கு, டெரிக் ஏரிக்கரை முகாமில் நிறுத்தியிருந்த தன் கேரவன் ஜன்னல் வழியாக அடுத்த கூடாரத்துப் பெண்ணின் வெறும் தோளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அறுபத்தெட்டு வயதில் இது தேவையா என்று யாராவது கேட்டால், "இது விசாரணை" என்று சொல்லத் தயாராக இருந்தார்.

வெளியே மார்ச் மாதக் குளிர் ஊசியாகக் குத்தியது. டெரிக் இரண்டு ஸ்வெட்டர், ஒரு கோட்டு, காதை மூடிய குல்லாய் சகிதம் உட்கார்ந்திருந்தார்.

அந்தப் பெண்ணோ, பக்கத்து இடத்துக்காரர் ஹாவெல் தன் கேரவனோடு சேர்த்துக் கட்டியிருந்த முன்கூடாரத்துக்குள், கையில்லாத சட்டையில், புத்தகமும் கையுமாகச் சாய்ந்திருந்தாள். ஆவி படிந்த பிளாஸ்டிக் ஜன்னலில் முகம் தெரியவில்லை. தோளும், காலடியில் சிவப்பாக எரிகிற ஹீட்டரும்தான் தெரிந்தன.

"துணிக்கூடாரத்துக்கு ஹீட்டராம்! புல்லுக்குக் குளிருதாக்கும்!"

டெரிக்கின் கேரவனில் காலையில் அரை மணி நேரம்தான் ஹீட்டர். அதற்கு மேல் மனைவி மேவிஸ் கேட்டால், கரண்ட்டை நியாயமாகச் செலவழிப்பது பற்றி ஒரு பிரசங்கம் கிடைக்கும். வாடகையிலேயே கரண்ட்டும் சேர்த்தி என்றதும் அட்டை மாதிரி உறிஞ்சுகிற ஜென்மங்களைக் கண்டாலே அவருக்குக் குமட்டிக்கொண்டு வரும்.

ஆத்திரத்துக்கு ஒரு டீ குடிக்கலாம் என்று கெட்டிலைத் தட்டினார். டப்பென்று விளக்கு, கெட்டில் எல்லாம் அணைந்தன. நேற்றும் இதே கதை, முந்தாநாளும் இதே கதை.

மேவிஸிடம் புலம்பலாம் என்றால், அவள் துணி துவைக்கும் அறைக்கு என்று சொல்லிவிட்டுப் போயிருந்தாள். டெரிக் கெட்டிலைப் பிடுங்கிப் போட்டுவிட்டு முகாம் பொறுப்பாளர் ஹேசலிடம் போய் நின்றார்.

"இன்னிக்கு ரெண்டுல ஒண்ணு தெரிஞ்சாகணும், ஹேசல். அந்த ஹாவெல் கூடாரத்துல ஹீட்டரப் போட்டு என் கரண்ட்டைக் காலி பண்றான்."

ஹேசல் ரப்பர் பூட்ஸை மாட்டிக்கொண்டு வந்தாள். இரண்டு கேரவன்களுக்கும் பொதுவான கரண்ட் கம்பத்தைத் திறந்து பார்த்தாள்.

"உங்க சுவிட்ச் மட்டும்தான் விழுந்திருக்கு சார். ஹாவெலோடது அப்படியே நிக்குது."

"அதைத்தானே சொல்றேன்! அவன் உறிஞ்சுற உறிஞ்சுல என்னோடது விழுது. இதுகூடப் புரியலைன்னா நீ எல்லாம் என்ன பொறுப்பாளர்?"

ஹேசல் அவருடைய சுவிட்சை மேலே தள்ளினாள். ஹாவெலின் கூடாரத்துக்குள் சிவப்பு வெளிச்சம் பரவியது.

"பாரு, பாரு! நாம வந்து நிக்கறது தெரிஞ்சும் மறுபடி போடறா. என்ன திமிரு!"

ஹேசல் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். ஆனால் டெரிக்குக்குக் கம்பத்தைப் பற்றிக் கவலை இல்லை. அவருக்கு வேண்டியது முகாம் விதி. போன வருஷம் நிர்வாகத்துக்குப் பதினோரு கடிதம் எழுதி அதை வாங்கிக் கொடுத்தவரே அவர்தான். எந்த இடத்துக் கரண்ட்டில் முன்கூடாரம் சூடாகிறதோ, அந்த இடத்துக்காரர் ஒரு மணி நேரத்தில் மூட்டை கட்ட வேண்டும். அந்த வருஷம் முழுக்க முகாம் பக்கமே தலை காட்டக் கூடாது.

"எழுதிக் குடுத்து அனுப்பு அவனை. ஏரியைப் பார்த்த இடம் இதுகளுக்கு ஒரு கேடா? பதினெட்டு வருஷமா எனக்கு மார்ச்சுன்னா இந்த இடம்தான். இங்க வரலைன்னா எனக்கு வருஷமே விடியாது."

"அனுப்பிடலாம் சார். ஆனா ஹாவெல் மத்தியானமே நாயைக் கூட்டிக்கிட்டு மலை ஏறிட்டாரே. இந்தத் தடவை அவர் சம்சாரமும் வரலை."

டெரிக்கின் வாய் பிளந்தது.

"அப்போ உள்ள இருக்கறது யாரு? சீ! கரண்ட்டுலதான் யோக்கியதை இல்லைன்னு நெனச்சேன். இந்தக் கண்றாவி வேறயா?"

"முதல்ல ஒயரைப் பார்ப்போம்," என்றாள் ஹேசல். கூடாரத்துக்கு அடியிலிருந்து ஒரு வெள்ளை ஒயர் வேலிச்செடிக்குள் புகுந்திருந்தது. அவள் குனிந்து அதைப் பிடித்துக்கொண்டே போனாள். உள்ளே இருப்பவள் நழுவிவிடக் கூடாதென்று டெரிக் வாசலிலேயே காவல் நின்றார்.

வேலிக்கு அந்தப் பக்கமிருந்து ஹேசலின் குரல் கேட்டது.

"சார்... இது உங்க கேரவன் பின்பக்கத்துப் பிளக்குல வந்து முடியுது!"

டெரிக்குக்கு ரத்தம் ஜிவ்வென்று தலைக்கு ஏறியது.

"என் பிளக்குலயேவா! திருட்டுக் கழுதை! அடுத்தவன் கரண்ட்டுல அரைகுறையா உடுத்திக்கிட்டுப் படுத்திருக்கியே, வெக்கமா இல்ல? உன்னைக் கட்டின மடையன் எவன்னு சொல்லு, அவன் மூஞ்சியில காறித் துப்பறேன்!"

கத்திக்கொண்டே வாசல் ஜிப்பை சர்ரென்று இழுத்துத் திறந்தார்.

மேவிஸ் படித்த பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டு நிதானமாக நிமிர்ந்தாள்.

"ஏங்க, நாம காலி பண்ண இன்னும் ஒரு மணி நேரம் இருக்குல்ல? ஜிப்பை மூடுங்க, சூடெல்லாம் வெளிய போகுது."