டம்ளரின் அடியில்

சிவராஜ் டீ டம்ளரைச் சாய்த்து, அடியில் கரையாமல் கிடக்கும் சர்க்கரையை விரலால் வழித்து நக்குகிறான். பனியன் கம்பெனியின் கட்டிங் டேபிளுக்கு அடியில் குனிந்து, அவன் கால் புண்ணில் சுற்றியிருக்கும் வேஸ்ட் துணியை மனைவி தேவிப்பிரியா அவிழ்க்கிறாள். புதுத்துணிதானே, சுத்தமாக இருக்கும் என்று அவனே கட்டிக்கொண்டது. துணி சதையோடு பிசுபிசுவென்று உரிந்து வருகிறது. அழுகிய பழத்தின் வாடை. மஞ்சள் நீர் ஊறிய இடத்தில் எறும்புகள் மொய்த்திருக்கின்றன. "சக்கரை ஏறுனா புண்ணு ஆறாதுன்னு டாக்டரு சொன்னாருங்கல்ல மாமா?" "வலியே இல்ல புள்ள. எறும்புக்கும் டீ டைம் ஆயிருச்சாட்ட இருக்குது." அவன் சிரிக்கிறான். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்த வாரமே ஆஸ்பத்திரியில் காலை வெட்டி எடுத்தும் அவன் பிழைக்கவில்லை. இன்றும் அதே நேரத்துக்கு டீக்காரர் கேனோடு வருகிறார். தேவிப்பிரியாவின் டம்ளர் அடியில் சர்க்கரை கரையாமல் கிடக்கிறது.