முதல் முழுக்கு

மலாவி ஏரிக்கரையில் ஞானஸ்நானப் பாட்டு களைகட்டியது. மலையில் வளர்ந்த லுசுங்குவுக்கோ, வெள்ளை அங்கிக்குள் கால் வெடவெடத்தது.

"அக்கா, நீர்யானை வருமா?"

"அது அக்கரைல தூங்குது," என்றாள் மீன் விற்கும் தெம்வா. அவளும் வெள்ளை அங்கியில்தான் இருந்தாள்.

"எனக்கு நீச்சல் தெரியாதே!"

"இடுப்பளவு தண்ணிக்கு நீச்சல் எதுக்கு?"

"கால் வழுக்கினா?"

"என் கையைப் பிடிச்சுக்குங்க. பேதுரு முழுகப் போனப்ப இயேசு கைவிட்டாரா? ஜெபம் பண்ணிட்டே வாங்க."

அவன் கண்ணை இறுக மூடிக்கொண்டு, "கர்த்தாவே, கர்த்தாவே" என்றபடி இறங்கினான். தண்ணீர் இடுப்பைத் தொட்டபோது நடுக்கம் நின்றிருந்தது.

"பயம் போயிடுச்சு அக்கா!"

"அல்லேலூயா! இப்பக் கண்ணைத் திறந்து எனக்கு ஞானஸ்நானம் குடுங்க பாஸ்டர். கரையில இன்னும் பதினோரு பேர் நிக்கிறாங்க."